சிவப்புக் கல் தோடு

எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் என் மேசைக்கு இரண்டு இழுப்பறை. மேலே தபால்தலை, மைப்பெட்டி, பசை. கீழே நான்கு வருடமாக ஒரு ரோஸ் தாள் மடிப்பு கிடந்தது. நகைக்கடையில் தோட்டைச் சுற்றித் தருவார்களே, அந்தத் தாள். உள்ளே சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு ஒரு ஜோடி. நான் அதை எடுத்து எடுத்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இழுத்தால் கண்ணில் படும், மூடினால் மறைந்துவிடும். அவ்வளவுதான்.

அந்தத் தோட்டைப் போட்டிருந்த பிள்ளை என்னிடம் ஒன்றரை வருடம் இருந்தாள். கல்யாணம் கட்டாமல் நாற்பதைத் தாண்டியவள் நான். தனி ஆளுக்கும் பிள்ளையை வளர்க்கத் தருவார்கள் என்று குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து மேடம் பள்ளிக்கூடத்தில் வந்து பேசியபோது எழுதிக் கொடுத்தேன். மேடம் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார், பக்கத்து வீட்டில் என் குணத்தை விசாரித்தார். "கோவக்காரி, ஆனா கை சுத்தம்" என்றார்களாம். கடைசியில் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து. "இது தத்து இல்லக்கா. அவ அம்மாவுக்குக் குணமாயிருச்சுன்னா பிள்ளை திரும்பிப் போயிரும். காதுகுத்து, மொட்டை, எதுன்னாலும் எங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றார் மேடம். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊரையே வைகிறவள் நான். வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

வந்தபோது ஏழு வயது, தீவுப் பக்கத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா நெடுநாளாக மருத்துவமனையில். தாய்மாமன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில். என்னை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அம்மா என்றால் அவளுக்கு ஒருத்திதான். அத்தை, பெரியம்மா எதுவும் வாயில் வரவில்லை. எதிரே வந்து நின்று "இங்கேருங்க" என்பாள். நானும் திருத்தவில்லை. சனிக்கிழமைகளில் என்னோடு அஞ்சலகத்துக்கு வந்து, தபால் பையை நான் அவிழ்ப்பதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். "இந்த ஊருக்கு வர்ற லெட்டரு எல்லாம் உங்க கைக்குத்தான் வருமா?" என்று ஒருநாள் கேட்டாள். "பின்ன? கலெக்டரே எழுதுனாலும் என் முத்திரை விழாமப் போகாது" என்றேன். கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்தான்.

அவளுக்குக் காது குத்தியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். "எங்க மாமா வந்துதான் குத்துவாக" என்று அவர்களிடம் சொல்லுவாள், என்னிடமும் சொல்லியிருந்தாள். ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தேறி வருகிறது, மாமனும் ஊர் திரும்பப்போகிறான் என்று மேடம் போனில் சொன்ன அதே வாரம் எங்கள் குலசாமி கோயிலில் ஏற்பாடு செய்தேன். மேடத்திடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். பிள்ளை போகத்தான் போகிறாள். போகும்போது என்னால் ஆனது ஏதாவது ஒன்று அவள் உடம்பில் இருக்கட்டும் என்ற பேராசை. வேறு என்ன சொல்ல?

என் தம்பி மடியில்தான் உட்கார வைத்தோம். ஆசாரி குத்தியபோது அவள் அழவில்லை. அண்ணாந்து என் தம்பி முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சந்தனம் வைக்கும்போது, "இங்கேருங்க, எங்க மாமா வந்து கேட்டாகன்னா?" என்றாள். "நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து இராமநாதபுரத்து அலுவலகத்தில் அவளை ஒப்படைத்தேன். அம்மாக்காரி மகளின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமன் கையில் புதுத் தோடு, ரோஸ் தாளில். "ஏங்க்கா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று மேடம் சத்தம் போட்டார். நியாயம்தான். மாமன்தான் மெதுவாகக் கேட்டார்: "யாரு மடியில உக்கார வச்சீக?"

"என் தம்பி."

"அப்ப அவரும் மாமன்தான். மடி குடுத்தவர விட்டுற முடியுமா" என்றார். என் தம்பியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மாக்காரி அங்கேயே தோட்டை மாற்றினாள். எங்கள் தோட்டை அதே ரோஸ் தாளில் மடித்து, "மாமன் தோடுதான் போடணும், எங்க வழக்கம். மனசுல வச்சிக்கிறாதீக" என்று என் கையில் கொடுத்தாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் அழவில்லை. பஸ் ஏறி வந்து, அஞ்சலகத்தைத் திறந்து, வரிசையில் நின்ற முதியோருக்குப் பென்ஷன் கொடுத்தேன். மரத்த பல்லைக் கடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. அதன்பின் நான் வேறு பிள்ளை கேட்கவுமில்லை, அவர்கள் தரவுமில்லை.

போன வாரம் தம்பியின் போனுக்கு ஒரு பத்திரிகை வந்தது. அவள் பெரியவளாகிவிட்டாள், சடங்கு. தாய்மாமன்மார் என்று இரண்டு பேர் போட்டு, இரண்டாவதாக என் தம்பி பெயர். ஒருநாள் பொழுதில் கால் நாழிகை மடி கொடுத்தவன் ஆயுசுக்கும் மாமன். ஒன்றரை வருடம் தலை வாரிவிட்டவளுக்கு அச்சடிக்க ஒரு முறை கிடையாது. கூடப்பிறந்தவன் மேல் பொறாமை வந்தது, மறைப்பானேன்.

நேற்று தபால் பையை அவிழ்த்தேன். அதே பத்திரிகை, கவரில். தம்பி பெயருக்கு. விலாசம் அவள் கையெழுத்து. பின்கோடில் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது நான் பழக்கியது. முத்திரை குத்தினேன். நான்கு வீடு தள்ளிப் போய்த் தம்பியிடம் கொடுத்தேன்.

"இதுதான் போன்லயே வந்திருச்சேக்கா, மறுபடி எதுக்குத் தபால்ல?" என்றான்.

ரோஸ் தாளை அவன் கையில் வைத்தேன். "சீர்த் தட்டுல இதையும் வையி."

பிரித்துப் பார்த்தான். "யாரு குடுத்தான்னு கேட்டா என்ன சொல்ல?"

"அவ கேக்க மாட்டா."