சருவம் சுமந்த நடை

நாகர்கோவிலில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நான் அனிமேஷன் படித்த இடம். குளச்சலில் இருந்து பஸ்ஸில் வந்து படியேறினால், முதல் மாதங்களில் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டார்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாள் மேல் தாள் வைத்து, கால் தூக்குவது, ஊன்றுவது, மறு கால் தூக்குவது என்று வரைந்துகொண்டே இருக்க வேண்டும். படங்களை வரிசையாக ஓட விட்டால் ஆள் நடக்கும். கடைசிப் படம் முதல் படத்தோடு சேர்ந்துவிடுவதால் நடைக்கு முடிவு கிடையாது.

தெரிந்த ஒருவரின் நடையை வரைந்து வரச் சொன்னார் சார். கூடப் படித்தவர்கள் சினிமா ஹீரோக்களை எடுத்துக்கொண்டார்கள். நான் அம்மாவை எடுத்துக்கொண்டேன். அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கப் போனவள், வழியில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. பெற்ற தாயின் நடை தெரியாமலா போகும் என்று கொழுப்போடு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முகம் வந்தது, திட்டுவது வந்தது, மீன் வாடைகூட வந்தது. நடை மட்டும் வரவில்லை. பயந்துபோனேன்.

எங்கள் கடற்கரையில் சாவு வீட்டுக்கு வீடியோக்காரர் வராமல் இருக்க மாட்டார். அம்மாவின் அடக்கமும் சி.டி.யாக வீட்டில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். அதில் ஊரே நடக்கிறது, அம்மா மட்டும் நடக்கவில்லை. பிறகு சித்தி மகளின் கல்யாண சி.டி.யை வாங்கி வந்தேன். பட்டுச்சேலையில் அம்மா மேடைக்கு நடந்து போகிறாள். நிறுத்தி நிறுத்தி, டிவி கண்ணாடியிலேயே தாளை ஒட்டி அப்படியே வரைந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட விட்டபோது சார் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு யாரோ வேற்றுப் பெண் நடப்பதாகத்தான் பட்டது.

அதை சி.டி.யில் ஏற்றி வந்து வீட்டு டிவியில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இது ஒனக்க அம்ம இல்ல மக்ளே. கைய வீசிக்கிட்டு அவ எங்க நடந்தா? தலையில சருவம் வேணும்லா."

கல்யாணத்தன்று அம்மாவுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைத்தான் நான் வரைந்து வைத்திருந்தேன். முதலில் இருந்து தொடங்கினேன். தலையில் சருவம், அதைப் பிடிக்க ஒரு கை. சுமை ஏறியதும் கழுத்து அசையாமல் நின்றது, கால்கள் சின்னச் சின்னதாக அவசரமாக விழுந்தன. அம்மா வந்துவிட்டாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

இந்தப் புது நடையையும் சி.டி.யில் கொண்டுவந்து வீட்டில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து டிவி அருகே போனார். விற்காத மீனோடு அம்மா திரும்பும் நாட்களில் சருவத்தை அவளால் தனியாக இறக்க முடியாது. அப்பாதான் எதிரே நின்று கை கொடுப்பார். இப்போதும் அவருடைய இரண்டு கைகளும் உயர்ந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கைகளைத் தாழ்த்தினார்.

"இவ எப்ப மக்ளே இறக்கி வைப்பா?"

"இறக்க மாட்டாப்பா. இது நடந்துகிட்டே இருக்கும்."

"அப்ப நிறுத்து."

ரிமோட்டை அமுக்கினேன். ஒரு கால் தரையில் படாமல், சுமையோடு அம்மா அப்படியே நின்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பிடி நிக்க வைக்காத. நடந்துட்டுப் போட்டும்."

மறுபடியும் ஓட விட்டேன்.