ஓரத்தில் வெட்டுப்பட்ட வட்டங்கள்

கஸ்டமருக்குப் பிடித்துப்போன ஒரு வேலையை, "தர மாட்டேன்" என்று நான் பிடித்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு முறைதான். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நகைப் பட்டறையில் செதுக்கு வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனைக்கும் அன்று வந்தது நகையே இல்லை.

தீபாவளிக்கு வளையல் ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். செல்வி என்ற பெண் ஒரு மரக் கைப்பிடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். உயர்நிலைப்பள்ளி ஆசிரியை, ஓய்வு நேரத்தில் ஜப்பானிய வாள் பயிற்சி. நம் பெண்கள் வாள் பிடிப்பதை நான் அதுவரை சாமி படத்தில்தான் பார்த்திருந்தேன்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி, வாள் கொண்டுவரல. அது கிளப்புல பூட்டி இருக்கு. இது ஹேண்டில் மட்டும்தான்."

கைப்பிடியின் ஒரு முனையில், வாள் பக்கமாக, ஒரு செம்பு வளையம் இருந்தது. அதன் பெயர் ஃபுச்சி. மறுமுனையில் ஒரு மூடி இருக்க வேண்டும், அது கஷிரா. இரண்டும் ஜோடி. மூடியைத்தான் காணவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கட்டும் கயிறு அந்த மூடியின் துளைகளில்தான் முடிச்சாகும். மூடி இல்லாவிட்டால் கயிறு தளரும். கயிறு தளர்ந்த வாளோடு யாரையும் தேர்வில் நிற்க விடமாட்டார்களாம்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு கிரேடிங், ஆன்ட்டி. ஜப்பான்லருந்து எக்ஸாமினர் வர்றாரு. இத விட்டா அடுத்த வருஷம்தான்."

"கடையில ப்ளெய்ன் மூடி கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா இது எங்க மாஸ்டர் குடுத்த செட். அவருக்கு அவரோட மாஸ்டர் குடுத்தது. தொலைச்சது நான். மொட்டையா ஒண்ண மாட்டிக்கிட்டு அவர் முன்னாடி எப்படி நிக்கிறது?"

வளையத்தில் இருந்த வடிவத்துக்கு ஷிப்போ என்று பெயர் சொன்னாள். ஒரு வட்டத்தின் மேல் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு வட்டங்கள் ஏறி நிற்கும். ஏறிய இடமெல்லாம் இதழாகிவிடும். நம் கோலத்தில் இருப்பதுதான், வளையலில் நான் வெட்டாத வட்டமா! பெயர்தான் புதிது. செம்புத் தகட்டைத் தட்டிக் குழித்து, கைப்பிடி முனையில் கச்சிதமாக உட்கார வைப்பதற்குத்தான் பல நாள் பிடித்தது. செதுக்குவது அதன் பிறகு சுலபம் என்றே நினைத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஓரத்தில் அரைப் பூ வரக்கூடாது. பாதியில் வெட்டுப்பட்ட பூவோடு வளையலைக் கொடுத்தால் கல்யாண வீட்டார் தொடமாட்டார்கள், குறைப்பட்ட வேலை என்பார்கள். அதனால் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைத்து எல்லாப் பூவையும் முழுதாக உள்ளே அடக்கி, சுற்றிலும் ஒரு கரை ஓட்டிவிடுவோம். மூடியையும் அப்படியே செய்தேன். உச்சியில் நடுநாயகமாக ஒரு முழு வட்டம், சுற்றிலும் வட்டங்கள், ஓரத்தில் கரை. பழைய வளையத்திலோ வட்டங்கள் கண்டபடி வெட்டுப்பட்டிருந்தன. மேல் ஓரத்தில் கால்வாசி, கீழ் ஓரத்தில் முக்கால்வாசி. அதைச் செய்த ஆளுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை போலும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். மூடியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "சூப்பர் ஆன்ட்டி!" முதலாளி குமரன் டப்பாவை எடுத்துவிட்டார். கடைசியாக ஒரு தரம் பார்க்கலாமே என்று மூடியைக் கைப்பிடியில் மாட்டி மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வளையத்தில் அந்த வடிவம் எங்கிருந்தோ வந்து, ஓரத்தைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. என் மூடியில் கரை கட்டி உட்கார்ந்துவிட்டது. அந்த ஆளுக்கு அளவு தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறார். கயிற்றுக்கு அடியிலும் அது ஓடி மூடியில் வெளிவருவதாகப் பார்க்கிறவர் நினைக்க வேண்டும். அவரைப் பார்த்துப் போய்ச் சிரித்தேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"இத நான் தர மாட்டேன்," என்றேன்.

"அக்கா, கஸ்டமரே ஓகே சொல்லிட்டாங்க லா," என்றார் குமரன். "பேக் பண்ணுங்க, வளையல் கிடக்கு."

"உன் சட்டைப் பையைப் பாரு தம்பி."

கட்டம் போட்ட சட்டை, தேக்கா மார்க்கெட் மாடிக் கடையில் தைத்தது. பையின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு கோட்டுக்குக் கோடு சேர்ந்திருந்தது.

"சேராம இருந்தா அந்த டெய்லரை நீ சும்மா விட்டிருப்பியா?"

குமரன் குனிந்து பையைத் தடவிப் பார்த்தார். நான் செல்வியிடம் திரும்பினேன். "புதுசா மூடி தட்டி உட்கார வைக்க நேரமில்லம்மா. இந்த டிசைனை அராவி எடுத்துட்டு, இது மேலயே மறுபடி வெட்டணும். தகடு ஒரு தடவைதான் தாங்கும். ஓட்டை விழுந்துச்சுன்னா உனக்கு எதுவுமே இருக்காது. சொல்லு, என்ன செய்யட்டும்?"

"கயிறு கட்டுறவர் சனிக்கிழமை மத்தியானம் வர்றாரு, ஆன்ட்டி. அதுக்குள்ள வேணும்."

"தர்றேன்."

அவள் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப எனக்கும் அதுதான் கண்ணுல படுது," என்றாள் பரிதாபமாக. "இனிமே இத மாட்டவே முடியாது. அராவுங்க."

குமரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே என் வளையல்களைத் தன் மேசைக்கு எடுத்துப் போனார். மறுநாள் ஈசூனில் இருக்கும் என் வீட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தேன். வளையத்தைச் சுற்றி மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து வடிவத்தைப் படியெடுத்து, அதே வட்டங்களைக் கைப்பிடி நீளத்துக்கும் வரைந்துகொண்டே போனேன். மூடிக்கு வந்து சேர்ந்தபோது உச்சியில் முழு வட்டம் விழவில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்தது. என் கைக்கு அது பிடிக்கவே இல்லை, நடுவுக்கு இழுக்கச் சொல்லி அரித்தது. இழுக்கவில்லை. அராவும்போது உச்சியில் தகடு மெலிந்துகொண்டே வந்தது. அரத்தை வைத்துவிட்டு வெறும் தேய்ப்புக் கல்லால் மிச்சத்தை எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது.

ஓரத்துக்கு வந்ததும் வட்டங்களை வெட்டுப்பட்ட இடத்தில் அப்படியே விட்டேன், கரை ஓட்டவில்லை. பழைய வளையத்தின் நிறம் வருவதற்காகக் கந்தகக் கரைசலில் முக்கியபோது பட்டறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். குமரன் கதவுகளைத் திறந்துவிட்டு, வளையல் கஸ்டமர்களெல்லாம் ஓடப்போகிறார்கள் என்று புலம்பினார். சனிக்கிழமை காலை செல்வி வந்து வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பட்டறைச் சட்டம் தப்பில்லை, வளையலுக்கு இன்றும் அதையேதான் செய்கிறேன். ஆனால் அடுத்தவர் செய்த பொருளுக்கு ஜோடி செய்யும்போது, நம் கைப்பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் எங்கே வெட்டினார், ஏன் வெட்டினார் என்று முதலில் பாருங்கள். தப்பு என்று தோன்றும் இடத்தை இரண்டு மடங்கு நேரம் பாருங்கள். கஸ்டமர் சரி என்று சொன்னாலும் உங்கள் கண் ஒப்புக்கொள்ளாவிட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரம் செல்வி வந்தாள். "பாஸ் ஆன்ட்டி! கால் ஸ்லோன்னு திட்டு விழுந்துச்சு, ஆனா பாஸ்."

"உங்க மாஸ்டர் மூடியைப் பார்த்தாரா?"

"அதை ஏன் கேக்குறீங்க! ஹேண்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம், 'பரவாயில்லையே, தேடிக் கண்டுபிடிச்சிட்டியே, எங்க கிடந்துச்சு?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தேக்காவுலன்னு சொல்லிட்டேன்."

குமரன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வளையல் மேசைக்குத் திரும்பினேன், அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.