அறுந்தால் நீ கூப்பிடு

“இந்தக் கணக்கு எவ்வளவு பழசானா ஆபத்து? அதை முதல்ல சொல்லுங்க.” கணினியைத் தொடுவதற்கு முன் அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பதில் வரும்வரை விசைப்பலகை பக்கம் கை போகாது. இருப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு ரத்த வங்கியில் பெயர் ‘பொறுங்கக்கா’.

ஒவ்வொரு கிளையின் கணினியும் தலைமைக் கணினியின் கதவைத் தட்டித் தன்னிடமுள்ள ரத்த இருப்பைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் இருப்பைக் கேட்டுக்கொண்டு போகும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை தட்டுவது, திறக்காவிட்டால் மறுபடி எப்போது தட்டுவது என்பதெல்லாம் அக்காவின் தீர்ப்பு.

“ரத்த இருப்பு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ரத்தம் கொடுத்தவங்க முகவரி ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். யாரும் நிமிஷத்துக்கு நிமிஷம் வீடு மாத்துறதில்ல.”

ஒரு மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தது. பதில் வராவிட்டால் உடனே மறுபடி தட்டும்படி அப்போதைய பொறியாளர் எழுதி வைத்திருந்தார். இணைப்பு திரும்பியதும் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் மேலே விழ, தலைமைக் கணினி மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. வாசலில் ஒருவர் நனைந்தபடி நின்றிருந்தார். மனைவி பிரசவ அறையில்; ஓ நெகட்டிவ் வேண்டும்.

“ஆத்தங்கரைக் கிளையில ரெண்டு பை காட்டுதே, வண்டிய அனுப்பிடவா?” என்றார் எழுத்தர்.

“பொறுங்க. அது காலைல வந்த கணக்கு.”

தொலைபேசியில் கேட்டார். இரண்டும் எப்போதோ போய்விட்டன. அடுத்தடுத்துக் கேட்டதில் மலையடிவாரக் கிளையில் கிடைத்தது. வண்டி அங்கே பறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் அக்காவும் பொறியாளரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார்கள். திறக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்துத் தட்டு. அப்புறம் இன்னும் அதிகம் பொறு. கிளைக்குக் கிளை நேரம் மாறட்டும். அப்படியும் முடியாவிட்டால் மனிதரைக் கூப்பிடு. ஒவ்வொரு இருப்பின் பக்கத்திலும் அது எப்போது வந்த கணக்கு என்பதும் தெரியட்டும்.

“இது எப்படிக்கா தோணுச்சு?” என்று கேட்டார் பொறியாளர்.

அக்கா சிரித்தார். கணினி வருவதற்கு முன் தினமும் தொலைபேசியில்தான் இருப்பு கேட்பார். ஆத்தங்கரைக் கிளையில் எடுப்பவள் ஒரு தோழி. “ஓ நெகட்டிவ் ரெண்டு, மாமியாருக்குக் கோபம் ஒண்ணு” என்றுதான் கணக்கு வரும். பாதியில் இணைப்பு அறுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் எண்ணைச் சுழற்றுவார்கள். இரண்டு பக்கமும் பிஸி. கடைசியில் தோழிதான் ஒப்பந்தம் போட்டாள்: “அறுந்தா நான்தான் கூப்பிடுவேன். நீ கையக் கட்டிக்கிட்டு உக்காரு.”

“இப்ப கணக்கு மட்டும் ஒழுங்கா வருது. கதைதான் வர்றதில்ல” என்பார் அக்கா.

தோழி ஓய்வு பெற்றுவிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரலும் மெலிந்துவிட்டது. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். “ரிசல்ட் வந்துடுச்சுடி. டாக்டர் என்ன சொன்னாருன்னா...” என்பதோடு அறுந்துவிட்டது.

“நீங்களே கூப்பிடுங்களேன்க்கா” என்றார் எதிரில் இருந்த எழுத்தர்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைபேசியைக் கண்ணெதிரே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.