பட்டியலின் கடைசி ஜோடி

சுலைகாவுக்கு ஆங்கிலம் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவளுக்குப் பிடிக்காதது ஜுஹைர் பேசும் ஆங்கிலம்.

ஜுஹைர் அவளுடைய பெரியத்தா மகன், அவளைவிடக் கொஞ்சம் மூத்தவன். மலேசியாவில், கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய குடும்பச் சாப்பாட்டுக்கடை இருந்தது. அவளுடைய அத்தா நூர் முகம்மதுவும் அவருடைய அண்ணன், பெரியத்தா ஜாகிரும் சேர்ந்து நடத்துகிற கடை. பிள்ளைகள் இருவரும் ஒரே பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தார்கள். அந்த வருடம் இருவருக்கும் பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை.

போர்ட் கிள்ளானில் கப்பல் நிற்கும் நாட்களில் வெளிநாட்டு மாலுமிகள் சிலர் கடைக்குச் சாப்பிட வருவார்கள். இந்தக் குழம்பில் என்ன இருக்கிறது, அது காரமா என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். உடனே பெரியத்தா அடுக்களைப் பக்கம் திரும்பி ஜுஹைரைக் கூப்பிடுவார். அவன் வந்து நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது போலப் பேசுவான். மாலுமிகள் சிரிப்பார்கள், அவன் தோளில் தட்டுவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சுலைகாவுக்கு வயிறு பற்றி எரியும். அந்தக் குழம்பில் என்ன இருக்கிறது என்று அவனுக்கா தெரியும்? காலையில் மசாலா அரைத்துக் கொடுத்தவள் அவள். தெரிந்து என்ன பயன், ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதே.

சனிக்கிழமைதோறும் ஜுஹைரைக் கொம்யூட்டர் ரயிலில் ஏற்றி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷனுக்கு அனுப்பினார்கள். சுலைகாவை அனுப்பவில்லை. சனிக்கிழமை கடையில் கூட்டம், கல்லாவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவன் திரும்பி வரும்போது டியூஷனில் கொடுத்த தாள்களை அவளுக்கும் ஒரு நகல் எடுத்து வருவான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். திட்டுவதற்குக்கூட வழி வைக்காமல் நல்லவனாக இருந்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்? தாள்களை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கி, கல்லாவுக்கு அடியில் செருகிவிடுவாள். அவன் தலை மறைந்ததும் எடுத்து ஒரு வரி விடாமல் படிப்பாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பரீட்சைக்குப் பிறகு என்ன என்ற பேச்சு வீட்டில் வந்தது. ஜுஹைர் காலேஜுக்குப் போகிறான் என்பது பேசாமலே முடிவான விஷயம். சுலைகா, பார்மசி டிப்ளோமா படிக்க ஆசை என்றாள். அத்தா தாடியைத் தடவினார். மற்ற பாடமெல்லாம் அவள் நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் காலேஜில் எல்லாமே ஆங்கிலம், வாயைத் திறக்கவே பயப்படுகிறவளை அனுப்பி என்ன செய்ய என்று கேட்டார்.

"இங்கிலீஷ்ல ஏ எடு, அனுப்புறேன். இல்லன்னா கல்லாவப் பாத்துக்க. ஜுஹைர் மாதிரி பேசக் கத்துக்கம்மா" என்றார்.

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. மாணவர்களை இரண்டு பேராக உள்ளே அழைப்பார்கள். முதலில் தனித்தனியாகக் கேள்வி. பிறகு ஒரு தலைப்பைக் கொடுத்து, இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்வார்கள். ஜோடி பிரிப்பது அந்தப் பள்ளியில் பெயர்ப் பட்டியல் வரிசைப்படி. ஆங்கில எழுத்தில் இருவர் பெயரும் இசட்டில் ஆரம்பிக்கிறது. பட்டியலின் கடைசியில் ஜுஹைர், அவனுக்குக் கீழே சுலைகா. உலகத்தில் இத்தனை எழுத்து இருக்கும்போது தனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தாள். அம்மா சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

ஒத்திகையில் அவள் பயந்தபடியே நடந்தது. ஜுஹைர் பேசினான், பேசினான், நேரம் முடிந்தது. சுலைகா இரண்டு முறை 'யெஸ்' சொன்னாள். ஆங்கில ஆசிரியை சீதாலெட்சுமி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை நடந்த கூடுதல் வகுப்புக்கு, கடையில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு சுலைகா போனாள். ஜுஹைர் வழக்கம்போல பிரிக்ஃபீல்ட்ஸில். வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவளை நிறுத்தினார். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் ஒருவனே பேசிக்கொண்டு போனால் மார்க் வெட்டுவார்கள், கூட இருப்பவரைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் முதல் அவர் வேறு பள்ளிக்குத் தேர்வாளராகப் போகிறார், ஜுஹைரைப் பார்க்க முடியாது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு மாதிரிதானே, நீ சொல்லிடு" என்றார் டீச்சர்.

சரி டீச்சர் என்று தலையாட்டினாள். அன்று சாயங்காலம் ஜுஹைர் தாள்களோடு வந்து கல்லா முன்னால் நின்றான். இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டான். அவள் வாய்வரைக்கும் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரியத்தா ஒரு வாடிக்கையாளரிடம் மகனைக் காட்டி, எங்க குடும்பத்துக்கே இவன்தான் வாய் என்றார். வந்த வார்த்தையைச் சுலைகா விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழைய பாடம்தான்."

பேசட்டும், நன்றாகப் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டாள். குடும்பத்தின் வாய்க்கு ஒரு முறையாவது மார்க் குறையட்டும். அப்படி நினைத்தபோது மனதுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

தேர்வு நாளில் பட்டியலின் கடைசி ஜோடிக்கு மதியத்துக்குப் பிறகுதான் முறை வந்தது. அதுவரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஜுஹைர் ஒரு புதினா மிட்டாயை அவளிடம் நீட்டினான். பயமா இருக்கு லா என்றான். அவன் விரல் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. இவனுக்கென்ன பயம், நடிக்கிறான் என்று நினைத்தாள்.

உள்ளே வேறு பள்ளியிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். தனிக் கேள்விகளுக்குச் சுலைகா திக்கித் திணறி, ஆனால் நிற்காமல், பதில் சொன்னாள். பிறகு தலைப்புத் தாளைத் திருப்பி வைத்தார்கள். பள்ளிக் கேன்டீனுக்கு மாணவர்களை வரவைப்பது எப்படி? விலை, சுத்தம், உணவு வகை, இருக்கை, வரிசையில் காத்திருப்பது என்று ஐந்து குறிப்புகள்.

சுலைகாவுக்கு நெஞ்சு துள்ளியது. இது அவளுடைய தலைப்பு. பிறந்ததிலிருந்து அவள் பார்த்துவருவது இதைத்தான்.

அதற்குள் ஜுஹைர் ஆரம்பித்துவிட்டான். சுத்தம் ஏன் முக்கியம் என்பதில் தொடங்கி, உடல்நலம், நாட்டின் எதிர்காலம் என்று போய்க்கொண்டிருந்தான். பேசு, பேசு என்று முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு ஆசிரியை பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்து சுலைகாவைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் அதிகம் பேசியதற்கு அவனுக்கு வெட்டுவார்கள், சரி. ஒரு வார்த்தையும் பேசாத தனக்கு என்ன போடுவார்கள்? அவனுக்குத் தோண்டிய குழிக்குள் தானும் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! ஏ போச்சு, பார்மசி போச்சு, கல்லாதான்.

கோபமாக அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளையும் பார்க்கவில்லை, ஆசிரியைகளையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். டியூஷன் தாளில் இருந்த கட்டுரை அது. அவளும் படித்ததுதான். நெற்றியில் வேர்வை. நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறான், நிறுத்தினால் விழுந்துவிடுவான் என்று அவளுக்குப் பட்டது.

கடையில் சில பேர் போனில் பேசிக்கொண்டே கல்லா முன்னால் நிற்பார்கள், பின்னால் கூட்டம் சேரும். சுலைகா மேசையை இரண்டு முறை தட்டி, அவர்கள் கண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். இப்போதும் கை தானாகப் போய் மேசையைத் தட்டியது.

"யெஸ், பட் ஜுஹைர், இஃப் தி க்யூ இஸ் லாங், ஹூ வில் கம்?"

அவன் நின்றான். தூக்கத்திலிருந்து விழித்தவன் போல அவளைப் பார்த்தான். அவள் அவசரப்படாமல், பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் மெதுவாக, அது சரிதான் என்றான். பிறகு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். அவ்வளவுதான். வரிசையை எப்படிப் பிரிப்பது, தண்ணீரை ஏன் தனி மேசையில் வைக்க வேண்டும், எந்தப் பலகாரம் சீக்கிரம் ஆறிப்போகும் என்று சுலைகா சொல்லச் சொல்ல, நாக்கு மேலண்ணத்தை மறந்துவிட்டது. இலக்கணம் அங்கங்கே உதைத்தது. யாரும் சிரிக்கவில்லை. வரிசையைச் சரி செய்வதுதான் முதல் வேலை என்று இருவரும் சேர்ந்து முடிவு சொன்னபோது ஆசிரியைகள் இருவரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் கடையில் ஜுஹைர் நேராக அவளுடைய அத்தாவிடம் போனான். பெரியத்தாவும் பக்கத்தில்தான் நின்றார்.

"சின்னத்தா, இன்னிக்கு நான் உளறிட்டே போயிட்டேன். சுலைகாதான் நிறுத்திக் கேள்வி கேட்டு இழுத்துட்டு வந்தா. அவ இல்லன்னா ரெண்டு பேருமே அவுட் லா. அவ பேசுனதக் கேட்டிருக்கணும் நீங்க."

பெரியத்தா மகனை ஒரு மாதிரி பார்த்தார். அத்தா கைவேலையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்படியா? அப்ப ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்க வேணாம். கல்லாவுக்கு இப்பவே ஆள் பாக்குறேன்" என்றார்.

இத்தனை நாளாக ஏங்கியது கையில் வந்து விழுந்துவிட்டது. அதுவும் ஜுஹைரின் வாயால். சுலைகாவால் சந்தோஷப்பட முடியவில்லை. அவனுக்குத் தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் தேநீரைக் கொண்டுபோய் வைத்தவள், மேசையை விட்டு நகராமல் நின்றாள்.

"டீச்சர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. தனியாப் பேசிட்டே போவாத, மார்க் வெட்டுவாங்கன்னு. நான்தான் சொல்லல. வேணும்னேதான்."

ஜுஹைர் ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"தெரியும். டீச்சர் எனக்கும் மெசேஜ் போட்டிருந்தாங்க, தனியாப் பேசிட்டே போவாதன்னு சுலைகா சொன்னாளான்னு கேட்டு. அவ சொல்லிட்டான்னு பதில் போட்டேன். உள்ள போனதும் எல்லாம் மறந்து போச்சு லா." ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்" என்றான்.

சுலைகா டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினாள். இத்தனை வருடம் அவன் நாக்கைப் பார்த்து எரிந்தவள், இன்று அவன் மனதைப் பார்த்து எரிந்தாள். ஆங்கிலத்துக்காவது பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் இருக்கிறது.