ஒரு லிஃப்ட்டும் இரண்டு கான்சல்களும்

எனக்கு ரோமானியர்களைப் பிடிக்காது. அம்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். வருடா வருடம் அவர்களைப் பாடம் நடத்தி நடத்தியே பிடிக்காமல் போயிற்று. சாலை போட்டார்கள், கால்வாய் கட்டினார்கள், சட்டம் எழுதினார்கள் என்று புத்தகம் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். யார் முதுகில் கல் ஏற்றிக் கட்டினார்கள் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. பாலம் கட்டினால் பெயரைப் பொறித்துக்கொள்வார்கள், வேறு யாரோ கட்டிய பாலத்துக்கு நாலு கல்லை மாற்றி வைத்தாலும் பெயரைப் பொறித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் மக்கள், மக்கள் என்பார்கள். அந்த மக்களோ காற்று வராத அடுக்குமாடிகளில் அடைந்து கிடந்தார்கள்.

ரோமில் அடுக்குமாடி இருந்ததா என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். இருந்தது. ஆனால் வசதியானவன் கீழ்த்தளத்தில் இருப்பான், மேலே போகப் போக ஏழைகள் இருப்பார்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறாது, குடத்தில்தான் சுமக்க வேண்டும். தீப்பிடித்தால் மேலே இருப்பவனுக்குக் கடைசியாகத்தான் தெரியும். எங்கள் பக்கம் கதை வேறு. ஆவடி பருத்திப்பட்டில் ஏரியை ஒட்டி இருக்கிற எங்கள் குடியிருப்பில் உச்சி மாடிதான் உசத்தி. ஏரிக்காற்று வரும் என்று சொல்லி எனக்கு மூன்றாம் மாடியை விற்றார்கள். காற்று வருகிறது, சில நாள் ஏரியின் வாடையும் வருகிறது.

நாலு மாடிக்கும் ஒரே லிஃப்ட். அதைச் சுற்றி இரண்டு கட்சிகள். ஏரியைப் பார்த்த வீட்டுக்காரர்கள் ஒரு கட்சி, சாலையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் மறு கட்சி. மதுரை, சேலம், நாகர்கோவில் என்று ஊருக்கு ஒருவராக வந்து வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள் நாங்கள். சொந்த ஊரில் விட்டு வந்த சண்டைக்கு ஏங்கிப்போய் இங்கே ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். சங்கத் தலைவர் தேர்தல் வந்தால் மாடிப்படியில் எதிரெதிரே வருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் கீழ்த்தளத்தில் ஏரிப்பக்கம் இருக்கும் ஒரு பெரியவர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கைப்பேசியில் ரோமானிய வரலாறு பார்க்க ஆரம்பித்திருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசப் பேச இவர் இங்கே தலையாட்டுவார். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, ரோமில் ஒரு தலைவர் கிடையாது, இரண்டு கான்சல்கள் உண்டு, ஒரு மாதம் இவர் கையில் அதிகாரம், மறு மாதம் அவர் கையில், ஒருவர் செய்வது பிடிக்காவிட்டால் மற்றவர் தடுத்துவிடலாம், அப்படித்தான் நூற்றாண்டுக் கணக்கில் உலகத்தை ஆண்டார்கள் என்று விளக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஏரிப்பக்கத்துக்கு அவரே கான்சல். சாலைப்பக்கத்துக்கு முதல் மாடியில் இருக்கும் மென்பொருள் நிறுவன மேலாளர்.

நான் எழுந்து, ரோமில் டிரிபியூன் என்று இன்னொரு பதவியும் உண்டு, சாமானியர்கள் சண்டை போட்டு வாங்கியது, யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் ஓடிவரலாம் என்பதற்காக அவர் வீட்டுக் கதவு ராவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். கதவைத் திறந்து வைத்தால் கொசு வரும் என்றார் ஒருவர். அந்தப் பதவிக்கு யாரும் நிற்கவில்லை. ரோமைப் பிடித்திருப்பவர்களுக்கு எப்போதும் அதன் மேல்பாதிதான் பிடித்திருக்கும்.

பதவி ஏற்றதும் இருவரும் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். ரோமில் கான்சல் தெருவில் நடந்தால் முன்னால் ஆட்கள் பிரம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே பிரம்புக்குப் பதில் சாவிக்கொத்து. மோட்டார் அறை, மீட்டர் அறை, பின்கேட் எல்லாவற்றுக்குமான சாவிகள். எவருடைய மாதமோ அவர் மாலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போகும்போது, எங்கள் செக்யூரிட்டி அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு கேட் வரை முன்னால் போய் விட்டுவிட்டு வர வேண்டும். காலையில் கான்சல் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வார். குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று ஆட்கள் வந்து நின்று கும்பிட்டுவிட்டுச் சொல்வார்கள். படித்தவர்கள், நல்ல சம்பளம் வாங்குபவர்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீர் உள்ளே வந்து லிஃப்ட் குழியில் நின்றது. போர்டு கருகி லிஃப்ட் நின்றுவிட்டது.

நாலாம் மாடியில் சாலைப்பக்கம் ஒரு தம்பதி. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போனால்தான் உயிர். காலும் வீங்கி, படி இறங்க முடியாத நிலை. லிஃப்ட் நின்ற பிறகு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் ஒரு பக்கம், செக்யூரிட்டி ஒரு பக்கம், நான் முன்னால். இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பயம் இல்லை, வெட்கம். ஒருநாள் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து அவர் முழங்கை சுவரில் உரசி ரத்தம் வந்தது. அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

நடந்தது இதுதான். வங்கிக்காரர் தன் மாதத்தில் ஆவடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். மேலாளர் வாட்ஸப் குழுவில் 'வீட்டோ', அதாவது தடுக்கிறேன், என்று ஒரே வார்த்தை போட்டார். மெக்கானிக் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் மேலாளர் ஒரு கம்பெனி என்ஜினியரைக் கூட்டிவந்தார். வங்கிக்காரர் 'வீட்டோ' போட்டார். மெக்கானிக்கின் திறமையிலோ என்ஜினியரின் திறமையிலோ இருவருக்கும் சந்தேகம் இல்லை. லிஃப்ட் பக்கத்துச் சுவரில் கிரானைட் பலகை பதிக்க இருவரும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். தன் மாதத்தில் சரியானால்தான் பலகையில் தன் பெயர். இரண்டாயிரம் வருடத்துக்கு அப்பால் இருந்து ரோமிடம் இவர்கள் சரியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

ஒருவர் கீழ்த்தளம், மற்றவர் முதல் மாடி. இரண்டு பேரில் ஒருவருக்கும் லிஃப்ட் தேவையில்லை.

நாலாம் மாடிக்காரரின் மனைவி, அந்த அம்மா, காலைக் கொலுவில் போய் நின்றார். முதலில் ஏரிப்பக்கம். தன்னால் முடிந்ததைச் செய்தாயிற்று, அந்தப் பக்கத்தைக் கேளுங்கள் என்று பதில். மேலாளர் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். விரலை உயர்த்திக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆட்டோக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா வாத்தியாரே இது. ஒரு லிப்டுக்கு ரெண்டு தலைவரு கீறாங்க. ஒருத்தரு வந்து ஒரு கை புடிக்க மாட்றாங்களே" என்றார்.

மழையில் ஆட்டோ திருமுல்லைவாயில் ரயில்வே கேட் பக்கம் மாட்டிக்கொண்ட ஒருநாள், ஏற்கனவே படியில் தாமதமானதும் சேர்ந்து, நாலாம் மாடிக்காரரின் டயாலிசிஸ் முறை போய்விட்டது. மெஷினில் வேறு ஆளை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் வரை அவருக்கு மூச்சு வாங்கியது. விடிந்ததும் அந்த அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். அழவில்லை. தண்ணீர்த் தொட்டியின் வால்வுகள் எல்லாம் மொட்டை மாடியில்தானே இருக்கின்றன, எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றார்.

ரோமில் ஒருமுறை சாமானியர்கள் எல்லோரும் சேர்ந்து ஊரைவிட்டு வெளியேறி, ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை இல்லை, வெட்டு குத்து இல்லை. வேலை செய்ய ஆள் இல்லாமல் பெரிய மனிதர்களுக்குக் கைகால் ஓடவில்லை. கடைசியில் குன்றுக்கு ஆள் அனுப்பிக் கெஞ்சினார்கள். ரோமானிய வரலாற்றில் நான் மனதாரச் சொல்லிக்கொடுக்கிற ஒரே பகுதி அது. அந்த அம்மா அதைப் படித்தவர் இல்லை. மூன்றாம் மாடி, நாலாம் மாடி வீடுகளுக்கெல்லாம் அவரே போய்ச் சொன்னார். கட்சி பார்க்காமல் எல்லோரும் சம்மதித்தார்கள். பால் பாக்கெட்டோடும் காய்கறிப் பையோடும் ஏறி ஏறி எல்லோருக்கும் முட்டி தேய்ந்திருந்தது. குடம், வாளி, அண்டா, குக்கர் வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தோம். மறுநாள் காலை எல்லா வால்வையும் மூடிவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். யாரோ ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்கள்.

கீழே குழாய்கள் நின்றதும் குழுவில் செய்திகள் கொட்டின. மோட்டார் போட்டாயிற்றா, தொட்டி காலியா, யார் பொறுப்பு. மேலே யாரும் பதில் போடவில்லை. பிறகு படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் மேலாளர். தலையில் ஷாம்பு, தோளில் துண்டு. பின்னால் வங்கிக்காரர், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தார். மேலே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இப்படி அராஜகம் பண்ணலாமா, கீழே வந்து முறைப்படி பேச வேண்டாமா என்று அந்த அம்மாவைக் கேட்டார்.

"இத்தனை நாளா நான்தான் சார் இறங்கி வந்து பேசிட்டு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "இன்னிக்கு நீங்க ஏறி வந்திருக்கீங்க. எப்படி இருக்கு?"

வங்கிக்காரர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேலாளரின் நெற்றியில் இருந்து நுரை கண்ணுக்குள் இறங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்வது, பலகையில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில். உலகமே அழிந்தாலும் அந்தப் பலகையை விடமாட்டார்கள். அந்த அம்மா எழுந்து வால்வுகளைத் திறந்தார்.

லிஃப்ட் ஒரே வாரத்தில் சரியாயிற்று. நாலு மாடிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, திறப்பு விழா வரை யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒரு அட்டையும் மாட்டினார்கள். சரியான லிஃப்ட் அங்கே சும்மா நிற்க, நாங்கள் அவரை ஒருமுறை படியிலேயே இறக்கினோம். கேட்டதற்கு, நாள் பார்த்திருக்கிறோம் என்றார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாத்தியார் இப்படிப் பேசலாமா என்று வருத்தப்பட்டார்கள்.

அவர்கள் பார்த்த நாளும் டயாலிசிஸ் நாளாகவே அமைந்தது. கீழே வாழைக்கன்று கட்டி, லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். இரண்டு கான்சல்களும் பட்டு வேட்டியில் நின்றார்கள். ராகு காலம் முடியவில்லையாம். நாங்கள் மூவரும் படியேறி நாலாம் மாடிக்குப் போய் வழக்கம்போல நாற்காலியைப் பிடித்தோம். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"படி வேண்டாம் சார்" என்றார். லிஃப்ட்டைக் காட்டினார். "பட்டனை அமுக்குங்க."

செக்யூரிட்டி தயங்கி என்னைப் பார்த்தார், அவருக்கு வேலை பயம். அந்த அம்மாவே போய் பட்டனை அமுக்கினார். உள்ளே சாமந்தி மாலையோடு லிஃப்ட் மேலே வந்தது. நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்து, அந்த அம்மாவும் நாங்களும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டோம். கீழே கதவு திறந்தபோது ரிப்பன் அவர் மார்புக்கு நேராக இருந்தது. அந்தப் பக்கம் மொத்தக் குடியிருப்பும் நின்றது. தட்டில் கற்பூரம் இன்னும் ஏற்றப்படவில்லை.

வங்கிக்காரர் கையில் கத்தரிக்கோலோடு, நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தயவுசெய்து மேலே போய்விட்டு வாருங்கள் என்றார்.

"டயாலிசிஸுக்கு நேரமாச்சு சார்" என்றார் நாற்காலியில் இருந்தவர். குரலை உயர்த்தவில்லை. "வெட்டுங்க."

வங்கிக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தரையைப் பார்த்தார். வங்கிக்காரர் குனிந்து ரிப்பனை வெட்டினார். நாங்கள் அவரை ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.