முற்றும் போட்ட பிறகு ஓர் அத்தியாயம்

ஜமீலாக்கா இறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் இரண்டாவது பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று அம்மா என் கணவருக்கு உத்தரவு போட்டிருந்தாள். அவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இராஜபாளையத்திலிருந்து வந்து, மில்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆறாவது ஞாயிறு, நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"ஜமீலாக்கா தம்பி குடுத்துவிட்டாரு. இது உன்கிட்டயே இருக்கட்டுமாம்."

"ஏன், அவிய எங்க போனாவ?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் ரசக் கரண்டியோடு நின்றாள். "அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா மாப்பிள்ளை?" என்றாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

நெஞ்சுவலியாம். ஒரே நாள்தானாம். நீங்கள் எல்லோரும் அழுது முடித்த பிறகு வருகிறது என்னுடைய இந்த அஞ்சலி. அவரிடம் பத்திரிகை வாங்கிப் படித்த சர்குலேஷன் வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி இராஜபாளையம் வந்தபோது, எங்கள் தெருவில் வாரப் பத்திரிகைகளை வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டவர் ஜமீலாக்கா. பச்சை ஒயர் கூடை, தலையில் முக்காடு, காதில் ஒரு பென்சில். பத்திரிகைகள் சுற்றி முடிந்து கந்தலாகி வந்ததும், தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வாரவாரியாக அடுக்குவார். கதை முடிந்ததும் அவரே பைண்டு பண்ணுவார். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம். முதுகில் ஒட்டுவதற்குப் பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட காயத்துணி. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கதையில் வருகிறவர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் கட்டுப் போட்டு வைத்தது போல இருக்கும் அவருடைய அலமாரி.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். கதாபாத்திரத்தின் துயரம் வாசிப்பவர் மனத்தைத் தூய்மை செய்கிறது என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவள். அதை ஒருநாள் வாசலில் வைத்து ஜமீலாக்காவிடமும் சொன்னேன்.

"ஏன் சாந்தி, அது என்ன துணி சோப்பா?" என்றார்.

பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "கதையில ஒருத்தி பத்து நாளா அழுதுக்கிட்டே இருக்கா. ஒருவேளையாவது அவளுக்குப் பசிச்சுதான்னு எழுதலையே. கஷ்டப்படுறவளுக்குத்தாம்மா ரொம்பப் பசிக்கும். அதை எழுதினவந்தான் கஷ்டத்தைப் பாத்தவன்."

இதற்காகவே அந்தப் பென்சில். துன்பத்தின் நடுவில் யாராவது எதையாவது சாப்பிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். ஒரு டம்ளர் நீராகாரம் என்றாலும் டிக் உண்டு. டிக்கே இல்லாத புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில், எட்டாத இடத்தில் வைத்திருந்தார்.

மூத்தவள் கோதை பிறந்த பிறகு என்னால் கதை படிக்க முடியாமல் போயிற்று. பிறந்த ஆறாம் மாதத்திலிருந்தே அவளுக்கு இழுப்பு. குளிர்ந்த காற்று பட்டால் போதும், நெஞ்சு பூனை மாதிரிச் சத்தம் போடும். எந்தக் கதையிலாவது ஒரு குழந்தை வந்தால் அதற்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயந்து மூடிவிடுவேன். கூடை வந்ததும் முதல் கேள்வியே இதுதான்: "அக்கா, இதுல பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

மற்றவர்களாக இருந்தால் ஆகாது என்று சமாதானம் சொல்லியிருப்பார்கள். ஜமீலாக்கா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "ஆகும். பொறவு சரியாயிரும்" என்பார். சிலவற்றை, "இது உனக்கு இப்ப வேண்டாம். பிள்ளை பல்லு மொளச்சு ஓடட்டும், தாரேன்" என்று கூடையிலேயே வைத்துக்கொள்வார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவர்தான் மரகதம் என்பவளின் கதையையும் கொடுத்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு தையல்காரி. ஒரே பிள்ளை. எத்தனையோ பாடுபட்டு ஒரு வீடு பிடித்து, மிஷின் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள். முற்றும். நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினால் இன்னோர் அத்தியாயம் இருக்கிறது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டுகிறது. பஸ் இல்லை. மரகதம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். தொடரும் என்று போட்டிருக்கிறது. அதற்கப்புறம் பைண்டு அட்டைதான்.

கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் ஜமீலாக்கா வீட்டுக்கு ஓடினேன். "பொறவு என்ன ஆச்சுக்கா?"

"எதுக்குப் பொறவு?"

புத்தகத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதையின் நடுவில் வரவேண்டிய அந்த ஒரு வாரப் பத்திரிகை மட்டும் யார் வீட்டிலோ தங்கிவிட்டிருக்கிறது. மற்றதெல்லாம் தைத்த பிறகு வந்திருக்கிறது. அவர் அதைக் கடைசியில் ஒட்டிவிட்டு, எங்கே படிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாராம். சீட்டு எங்கோ விழுந்துவிட்டது. ஓரம் வெட்டியதில் அத்தியாய எண்களும் போய்விட்டன.

"மூணு வருஷமா இது ஊரெல்லாம் சுத்துது. முற்றும் போட்ட பொறவும் கதை போகுதேன்னு ஒருத்திக்குமா தோணலை?"

பக்கத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி பேச்சியம்மாள் நிமிராமலே சொன்னாள்: "நான் ரெண்டு தரம் படிச்சேன். முற்றும் போட்டா மட்டும் கஷ்டம் வராதாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் படித்தவளுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

"அப்ப பிள்ளை?" என்றேன்.

"ஏட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போனதைத்தான் நீ முன்னாலயே படிச்சிட்டியே" என்றார் ஜமீலாக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணீரும் வந்தது. பிரித்துச் சரியான இடத்தில் ஒட்டப் போனவரைப் பேச்சியம்மாள்தான் தடுத்தாள். "இருக்கட்டும்க்கா. அடுத்து படிக்கிறவளும் செத்த நேரம் தவிக்கட்டும்."

அந்த வருஷம் கார்த்திகையில் கோதைக்குப் பெரிய இழுப்பு வந்தது. சாயங்காலம். கணவர் ஷிப்டில் இருந்தார். டவுன் பஸ் வரவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் குழந்தையின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு, கால் அசையாமல் நின்றேன். கூடையோடு வந்த ஜமீலாக்கா ஒருமுறை குழந்தையைப் பார்த்தார்.

"மரகதம் இந்நேரத்துக்கு என்ன செஞ்சா?"

"நடந்தா."

"அப்ப நட. பொறவு அழுதுக்கலாம்."

நடந்தோம். பாதி வழியில் அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். கூடை என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு சீராகி, கோதை தூங்கிய பிறகு வாசல் படியில் உட்கார்ந்தேன். ஜமீலாக்கா எதிர்க்கடையில் டீயும் பன்னும் வாங்கி வந்து நீட்டினார். எனக்கு வேண்டாம் என்றேன்.

"தின்னு. டிக் போடணும்ல" என்றார்.

அன்றைக்கு எனக்கு எம்புட்டுப் பசி இருந்தது என்பது முதல் வாய் தின்ற பிறகுதான் தெரிந்தது.

கோதை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இழுப்பு இன்னமும் வருகிறது, போகிறது. சின்னவன் தும்மினாலும் எனக்குப் பகீரென்கிறது. பயம் விட்டுப்போய்விட்டது என்று எழுதினால் ஜமீலாக்கா மேல்தட்டில் தூக்கி வைத்துவிடுவார். ஆனால் கதைகளில் குழந்தைகள் வந்தால் இப்போது மூடுவதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு படிக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பென்சில் பழக்கமும், அவர் தம்பி கொடுத்துவிட்ட புத்தகமும்தான்.

அது மரகதத்தின் கதை. அம்மா வீட்டில், தள்ளி வைத்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். இடம் மாறிய அத்தியாயம் கடைசியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மரகதம் மடியில் கிடந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்கிற வரிக்குப் பக்கத்தில் பழைய டிக். அதன் கீழே, எப்போது எழுதினாரோ, அவருடைய சாய்ந்த எழுத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வரி: நம்ம சாந்தியும் பன் தின்னா.

தட்டை இழுத்துக்கொண்டேன். அம்மா ரசம் ஊற்றினாள்.