பந்தைத் தொடாத நட்சத்திரம்

லவால் நகருக்குப் போகும் மெட்ரோ ரயிலில் இரண்டு இருக்கைகளை அவர் ஒருவரே நிரப்பியிருந்ததைக் கண்டதும், இவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபுட்போலில் எங்கள் கல்லூரியின் நட்சத்திரம். கழுத்தே இல்லாத யாழ்ப்பாணத்துக்காரர். ஏறிய கூட்டம் ஒரு மூதாட்டியை நெரித்தது. பழக்கதோஷத்தில் நம்மவர் எழுந்து, அவருக்கு முன்னால் சுவராக நின்றார்.

“அண்ணை, இவ்வளவு வருசத்திலை எத்தினைதரம் பந்தைத் தொட்டனீங்கள்?”

“ஒருக்காலும் இல்லையடாப்பா. பந்து வைச்சிருக்கிறவனை விழுத்த வாறவங்களை மறிக்கிறதுதான் என்ரை வேலை.”

“பேந்தென்ன நட்சத்திரம்?”

“அவனுக்கு இன்னும் முன்பல்லு இருக்கெல்லே?”

பிறகு குரல் தாழ்ந்தது. “சனிக்கிழமை எனக்குக் கடைசி மட்ச். அம்மா முதல்தரம் பாக்க வாறா. பந்தையே பாத்துக்கொண்டிருந்தா, மகன் சும்மா நிண்டவன் எண்டுதான் நினைப்பா.”

சனிக்கிழமை அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்காரப்போகிறேன். பந்து எங்கே போனாலும், அம்மாவின் பார்வையை மறித்து மகன் பக்கம் திருப்ப முயல்வேன்.